செடிக்குள் இருக்கும் ஸ்டீராய்டு

சந்தையில் வழக்கத்தைவிடப் பருத்த சுரைக்காயைப் பார்த்தவுடன், "இதற்கு ஸ்டீராய்டு போட்டிருப்பார்கள்" என்று யாராவது சொல்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. அப்படிச் சொல்பவரிடம் ஸ்டீராய்டு என்றால் என்ன என்று கேட்டால், உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி, ஆஸ்துமாவுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை, பால்மாட்டுக்குப் போடுவதாகப் பேசப்படும் ஆக்ஸிடோசின் என்று எல்லாம் கலந்த ஒரு விடை வரும். இவற்றில் ஆக்ஸிடோசின் ஸ்டீராய்டே அல்ல. அது ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துணுக்கு. அச்சத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை, உண்ணும் பொருளைப் பற்றி மக்கள் கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் சொல் தெளிவாக இல்லாவிட்டால் கேள்வியும் தெளிவாக இருக்காது. யாரும் எதையும் தெளிக்காத, வேலியோரம் தானாக முளைத்த சுரைக்கொடியிலும் ஸ்டீராய்டு ஹார்மோன் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்தக் கொடி கொடியாகவே ஆகியிருக்காது. அந்த ஹார்மோன் என்ன, அது செடிக்குள் என்ன செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

ஸ்டீராய்டு: ஒரு வடிவத்தின் பெயர்

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் முதலில் புள்ளிகளை வைத்துவிட்டுத்தான் கோட்டை இழுக்கிறார்கள். ஒரே புள்ளி வரிசையிலிருந்து ஒருவர் தாமரையை எடுப்பார், இன்னொருவர் தேரை எடுப்பார். ஸ்டீராய்டு என்பது அந்தப் புள்ளி வரிசையைப் போன்றது. கார்பன் அணுக்கள் இணைந்து நான்கு வளையங்களாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஓர் எலும்புக்கூடு அது. மூன்று வளையங்களுக்கு ஆறு மூலை, ஒன்றுக்கு ஐந்து மூலை. இந்த எலும்புக்கூட்டின் எந்த மூலையில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் வால் போன்ற கிளை எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்துப் பொருளின் குணம் முற்றிலும் மாறிவிடும்.

கொலஸ்ட்ரால், ஆண்களின் டெஸ்டோஸ்டீரோன், பெண்களின் ஈஸ்ட்ரோஜன், உடல் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் கார்டிசால், மருந்தான பிரெட்னிசொலோன் ஆகிய அனைத்தும் இந்த எலும்புக்கூட்டைக் கொண்டவை. அரளியின் நஞ்சும் எருக்கம்பாலின் நஞ்சும்கூட இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆகவே "ஸ்டீராய்டு" என்ற சொல் ஒரு பொருள் நல்லதா கெட்டதா, வளர்க்குமா கொல்லுமா என்பதைச் சொல்வதில்லை. அதன் உருவத்தை மட்டுமே சொல்கிறது.

ஹார்மோன்: ஒரு வேலையின் பெயர்

ஹார்மோன் என்ற சொல் வேறு வகையைச் சேர்ந்தது. உயிரினம் தனக்குள்ளேயே மிகச் சிறிய அளவில் தயாரித்து, "வளர்", "நில்", "பழு", "உதிர்" என்று செல்களுக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் பொருள் எதுவாயினும் அது ஹார்மோன்தான். அது எந்த வடிவத்திலும் இருக்கலாம். வாழைத்தாரை மூடிய அறையில் வைத்துப் புகை போட்டுப் பழுக்க வைக்கும் பழைய முறையில் வேலை செய்வது புகையில் உள்ள எத்திலீன் என்ற வாயு. இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட அந்த எளிய வாயுவைச் செடிகளே தங்கள் ஹார்மோனாகத் தயாரித்துக்கொள்கின்றன. பள்ளிப் பாடத்தில் படித்த ஆக்சின், ஜிப்ரெல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம் ஆகியவையும் செடிகளின் ஹார்மோன்களே. இந்த ஐந்தில் ஒன்றுகூட ஸ்டீராய்டு அல்ல.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்டீராய்டு உருவத்தைக் குறிக்கிறது, ஹார்மோன் வேலையைக் குறிக்கிறது. அரளி நஞ்சு ஸ்டீராய்டு, ஆனால் ஹார்மோன் அல்ல. எத்திலீன் ஹார்மோன், ஆனால் ஸ்டீராய்டு அல்ல. இரண்டுமாக இருக்கும் செடிப்பொருள்தான் நமக்கு வேண்டியது. அதன் பெயர் பிராசினோஸ்டீராய்டு.

மகரந்தத்தில் ஒளிந்திருந்த பொருள்

பெயரின் முற்பகுதி நமக்கு அந்நியமானதல்ல. கடுகும் முட்டைகோஸும் சேர்ந்திருக்கும் பேரினத்துக்குத் தாவரவியலில் பிராசிகா என்று பெயர். அந்தப் பேரினத்தைச் சேர்ந்த, எண்ணெய்க்காக வளர்க்கப்படும் ரேப் என்ற செடியின் மகரந்தத்தில்தான் இந்தப் பொருள் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் அந்நாட்டு வேளாண் துறையின் ஆய்வு மையம் இருக்கிறது. மகரந்தம் மிக வேகமாக வளரும் பொருள் என்பதால் அதில் வலுவான வளர்ச்சிப் பொருள் ஏதாவது இருக்கக்கூடும் என்று அங்கிருந்த அறிவியலாளர்கள் கருதினார்கள். பலவகைச் செடிகளின் மகரந்தச் சாற்றை எடுத்து, பீன்ஸ் நாற்றின் தண்டில் சிறிதளவு தடவிப் பார்த்தார்கள். ரேப் மகரந்தச் சாறு பட்ட தண்டு அதுவரை அறிந்த எந்த ஹார்மோனும் காட்டாத விதத்தில் நீண்டது, தடித்தது. மிட்செல் தலைமையிலான அந்தக் குழு 1970-இல் இந்தச் சாற்றுக்குப் பிராசின்கள் என்று பெயரிட்டு அறிவித்தது.

சாற்றில் வேலை செய்வது எந்தப் பொருள் என்று பிரித்தெடுக்க மேலும் 9 ஆண்டுகள் ஆயின. தேனீக்கள் சேகரித்த ரேப் மகரந்தம் ஏறத்தாழ 227 கிலோவை எடுத்து, கரைத்து, வடித்து, மறுபடி மறுபடி பிரித்து, கடைசியில் கிடைத்த தூய பொருள் 4 மில்லிகிராம். ஐந்தரைக் கோடிப் பங்குக்கும் மேலான மகரந்தத்தில் ஒரு பங்கு! அந்தச் சிறு படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி அதன் உருவத்தைக் கண்டபோது, அது விலங்குகளின் ஸ்டீராய்டு ஹார்மோன்களை ஒத்த உருவம் என்பது தெரிந்தது. 1979-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பொருளுக்குப் பிராசினோலைடு என்று பெயர். அதன் நான்கு வளையங்களில் ஒன்றில் மட்டும் ஓர் ஆக்சிஜன் அணு இடையில் நுழைந்து, ஆறு மூலையை ஏழு மூலையாக்கியிருந்தது. அதன்பின் பல செடிகளில் தேடி, இதை ஒத்த 60-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். அவை அனைத்துக்கும் பொதுப்பெயர்தான் பிராசினோஸ்டீராய்டு.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் தாவர அறிவியலாளர்கள் பலர் இதை உண்மையான ஹார்மோனாக ஏற்றுக்கொள்ளத் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஒரு பொருளைத் தடவினால் செடி நீள்கிறது என்பதற்கும், செடி இயல்பாக நீள்வதற்கு அந்தப் பொருளைத்தான் நம்பியிருக்கிறது என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ரசத்துக்குப் புளி அவசியமா என்று தெரிய, புளியைக் கூட்டிப் பார்ப்பது போதாது. புளியே இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். பிராசினோஸ்டீராய்டே இல்லாத செடி ஒன்று தேவைப்பட்டது.

இருட்டில் ஏமாறாத நாற்று

பச்சைப்பயறை ஈரத் துணியில் கட்டி இருட்டில் வைத்தால் வெளுத்த நீண்ட தண்டு வருகிறது; நுனி கொக்கி போல் வளைந்திருக்கும், இலைகள் விரியாமல் மூடியிருக்கும். மண்ணுக்குள் புதைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, இருக்கும் சேமிப்பை எல்லாம் செலவிட்டு வெளிச்சத்தைத் தேடி மேலே எழும் நாற்றின் நடத்தை அது. வெளிச்சம் பட்டதும் நீள்வது குறைந்து, இலை விரிந்து பச்சையாகும்.

அராபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஒரு சிறு களை. அதில் ஒரு விகாரச் செடி, அதாவது மரபணு ஒன்று பழுதான செடி, முழு இருட்டிலும் வெளிச்சத்தில் இருப்பது போலவே குட்டையாக நின்று இலையை விரித்துக்கொண்டது. அதைக் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஜோஆன் கோரியின் குழு ஆராய்ந்தது. பழுதான மரபணு டெட்2 எனப் பெயர் பெற்றது. 1996-இல் வெளியான முடிவு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஸ்டீராய்டு தயாரிப்பில் ஒரு படியைச் செய்யும் நொதியை உருவாக்கும் மரபணு அது. நொதி என்பது உடலுக்குள் ஒரு வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். அந்தக் குட்டைச் செடிக்குப் பிராசினோலைடைக் கொடுத்தபோது அது இயல்பான செடியாக வளர்ந்தது. அதே ஆண்டில் வேறு ஆய்வுக்கூடங்களிலிருந்தும் இதைப் போன்ற குட்டைச் செடிகளைப் பற்றிய முடிவுகள் வந்தன. பிராசினோஸ்டீராய்டு செடியின் இயல்பான வளர்ச்சிக்கு அவசியமான ஹார்மோன் என்பதில் அதன்பின் ஐயம் எழவில்லை.

இந்தக் கதையில் என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைப்பது அடுத்த ஆண்டில் வெளியான ஒரு சோதனை. டெட்2 நொதியின் சாயல் மனித உடலிலும் இருக்கிறது. டெஸ்டோஸ்டீரோனை அதைவிட வலுவான வடிவமாக மாற்றுவது அதன் வேலை. ஆண்களின் முடி உதிர்வுக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை தடுப்பது அந்த நொதியைத்தான். மனித மரபணுவை எடுத்து அந்தக் குட்டைச் செடிக்குள் வைத்தார்கள். செடி வளர்ந்தது. செடியின் மரபணுவை மனித செல்லுக்குள் வைத்தார்கள். அது டெஸ்டோஸ்டீரோனை மாற்றிக் காட்டியது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன இரு கிளைகள் ஒரே கருவியை இன்னும் கையில் வைத்திருக்கின்றன.

கதவுக்கு வெளியே மணி

கருவி ஒன்றாக இருந்தாலும் செய்தி சேரும் வழி முற்றிலும் வேறு. செல்லில் ஹார்மோனைப் பிடித்து அதன் வருகையை அறியும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். நம் உடலில் டெஸ்டோஸ்டீரோன் போன்ற ஸ்டீராய்டுகள் பெரும்பாலும் செல்லின் உறையைத் தாண்டி உள்ளே போய், அங்கே காத்திருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, மரபணுக்கள் இருக்கும் உட்கருவரை நேரில் செல்கின்றன. கூப்பிடாமலே அடுக்களைவரை வந்துவிடும் உறவினர் போல.

செடியில் அப்படியல்ல. விருந்தாளி வாசலிலேயே நின்று மணியை அழுத்துகிறார். செல்லின் உறையில் பதிந்து, வெளிப்பக்கம் தலை நீட்டியிருக்கும் பி.ஆர்.ஐ.1 என்ற புரதம்தான் ஏற்பி. அதன் மரபணு 1997-இல் அடையாளம் காணப்பட்டது. வெளியே வந்த பிராசினோலைடு அதன் தலையில் உள்ள குழிவில் போய்ப் பொருந்தியதும், பக்கத்தில் இருக்கும் பி.ஏ.கே.1 என்ற துணைப் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹார்மோன் இங்கே இரண்டு புரதங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பசை போல வேலை செய்கிறது.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள, தறியில் கட்டிய கன்றை நினைத்துக்கொள்வோம். பால் கறக்கும் வேளையில் கன்றை யாரும் தாயிடம் தள்ளிக்கொண்டு போவதில்லை, கயிற்றை அவிழ்த்தால் போதும். செல்லுக்குள் பி.இசட்.ஆர்.1 என்ற புரதம்தான் கன்று. உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் அதற்குத் திறன் உண்டு. பின்2 என்ற இன்னொரு புரதம் கயிறு. ஹார்மோன் இல்லாதபோது பின்2 ஓயாமல் பி.இசட்.ஆர்.1-இன் மீது பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குறியை ஒட்டி, அதை உட்கருவுக்குள் நிலைக்க விடாமல் செய்கிறது. குறி ஒட்டியது சிதைக்கப்பட்டும் விடும். வாசலில் மணி அடித்ததும் அந்தச் செய்தி சில இடைப் புரதங்கள் வழியாகக் கடந்து பின்2-ஐ முடக்குகிறது. கயிறு அவிழ்கிறது. குறி நீங்கிய பி.இசட்.ஆர்.1 உட்கருவுக்குள் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களின் நடத்தையை மாற்றுகிறது.

சுருக்கமாக: ஹார்மோன் செல்லுக்கு வெளியே நிற்கிறது, உறையில் உள்ள ஏற்பி அதை உணர்கிறது, உள்ளே ஒரு தடை நீங்குகிறது, அதனால் வளர்ச்சிக்கான மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன.

டயரைத் தளர்த்துவது எப்படி

சைக்கிள் சக்கரத்தில் காற்றடைத்த ட்யூப் எப்போதும் வெளியே விரியத்தான் பார்க்கிறது, டயர் அதைப் பிடித்து வைக்கிறது. தாவர செல்லும் அப்படித்தான்: உள்ளே நீரின் அழுத்தம், வெளியே செல்லுலோஸ் நார்களால் பின்னப்பட்ட செல்சுவர். செல் நீள வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்டத் தேவையில்லை, சுவரை வேண்டிய அளவு தளர்த்தினால் போதும். பிராசினோஸ்டீராய்டின் செய்தி கிடைத்த செல், தன் சுவர்ப்பகுதியைச் சற்று அமிலமாக்குகிறது. நார்களுக்கு இடையிலான பிணைப்பை இளக்கும் புரதங்களை அனுப்புகிறது. நீரழுத்தம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது. நெருங்கிப் பார்த்தால், தண்டு நீள்வது என்பது லட்சக்கணக்கான செல்கள் தத்தம் டயரை அளந்து தளர்த்துவதுதான்.

அளந்து என்ற சொல் முக்கியமானது. மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயை அடைப்பது போல, உட்கருவுக்குள் போன பி.இசட்.ஆர்.1 முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, பிராசினோஸ்டீராய்டு தயாரிக்கும் மரபணுக்களையே தணிப்பது. போதுமான ஹார்மோன் வந்ததும் தயாரிப்பு குறைகிறது.

உயரத்துக்கு அப்பால்

தண்டை நீட்டுவது கண்ணுக்குத் தெரியும் வேலை. கண்ணுக்குத் தெரியாதவற்றில் முதன்மையானது நீர்க்குழாய் அமைப்பது. வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் சைலம் என்ற திசு சரியாக உருவாக இந்த ஹார்மோன் தேவை. அது இல்லாத குட்டைச் செடியின் தண்டை வெட்டிப் பார்த்தால் சைலம் குறைந்தே காணப்படும். மகரந்தம் உருவாவதும், மகரந்தத் தாளின் காம்பு நீள்வதும் இதைச் சார்ந்தவை. அதனால்தான் கடுமையாகப் பழுதான விகாரச் செடிகள் பூத்தாலும் காய்ப்பதில்லை. விதை முளைப்பதற்கும் இது உதவுகிறது.

நெல்லில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. இலைப்பரப்பும் இலையுறையும் சேரும் மூட்டில் பிராசினோஸ்டீராய்டு கூடினால், மூட்டின் உட்பக்கச் செல்கள் நீண்டு இலை வெளிப்புறமாகச் சாய்கிறது. குறைந்தால் இலை செங்குத்தாக நிற்கிறது. இந்தச் சாய்வு மிக நுட்பமானது என்பதால், ஹார்மோன் இருக்கிறதா என்று சோதிக்கவே ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல் இலையைப் பயன்படுத்தினார்கள். இலை நிமிர்ந்த நெல்லை நெருக்கி நடலாம், கீழ் இலைகளுக்கும் வெயில் கிடைக்கும். இந்த ஹார்மோனின் தயாரிப்பு அளவாகக் குறைந்த ஒரு நெல் வகை, நெருக்கி நட்டபோது கூடுதல் விளைச்சல் தந்ததாக ஜப்பானில் 2006-இல் காட்டினார்கள். கிழக்காசியாவில் நெடுங்காலமாகப் பயிரிடப்படும் ஊசு என்ற குட்டை பார்லியின் ரகசியமும் இதுவே: அதன் பி.ஆர்.ஐ.1 ஏற்பி சற்றே பழுதானது, அதனால் பயிர் காற்றில் சாயாமல் நிற்கிறது. தொட்டியில் வளர்க்கும் மைக்ரோ-டாம் என்ற குட்டித் தக்காளியிலும் பழுது இந்த ஹார்மோனின் தயாரிப்பில்தான். பசுமைப் புரட்சியின் குட்டை நெல்லான ஐ.ஆர்.8 மட்டும் இந்தப் பட்டியலில் வராது. அதன் குட்டைத்தன்மைக்குக் காரணம் ஜிப்ரெல்லின் குறைவு.

கூடுதலாக இருப்பது எப்போதும் நல்லது என்ற எண்ணத்தை இந்தப் பயிர்களே மறுக்கின்றன. வேரில் இது இன்னும் தெளிவு. சிறிதளவு பிராசினோஸ்டீராய்டு வேரை வளர்க்கும், அதே பொருள் மிகுந்தால் வேர் குறுகிவிடும்.

செடியின் ஸ்டீராய்டு நமக்கு ஹார்மோனாகுமா?

செடிகள் பிராசினோஸ்டீராய்டைத் தயாரிப்பது கேம்பெஸ்டெரால் போன்ற மூலப்பொருளிலிருந்து. நம் உடலில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைச் செடியில் செய்யும் ஸ்டெரால்களில் அதுவும் ஒன்று. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இத்தகைய ஸ்டெரால்கள் இயல்பாகவே உண்டு. நாம் உண்ட ஒவ்வொரு கீரையிலும் காயிலும் பிராசினோஸ்டீராய்டு நுண்ணளவில் இருந்திருக்கிறது. அதைக் கேட்கும் பி.ஆர்.ஐ.1 என்ற மணி நம் செல்களில் இல்லை.

குழப்பம் வரும் இன்னோர் இடம் வெந்தயம். அதில் டயோஸ்ஜெனின் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. 1940-களின் தொடக்கத்தில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருந்த இதே பொருளைப் புரோஜெஸ்டீரோன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும் வழியை நிறுவினார். கருத்தடை மாத்திரைகளின் வரலாறு அங்கிருந்து கிளைக்கிறது. ஆனால் அந்த மாற்றம் நடந்தது ஆய்வுக்கூடக் குடுவையில், பல வேதிப்படிகளைக் கடந்து. அந்தப் படிகளைச் செய்யும் நொதிகள் மனித உடலில் இல்லை. கிழங்கைத் தின்பதாலோ அதன் களிம்பைப் பூசுவதாலோ புரோஜெஸ்டீரோன் உண்டாகாது. பாலக் கீரையிலும் ஒரு ஸ்டீராய்டு உண்டு, பூச்சிகள் தோலுரிக்கப் பயன்படுத்தும் ஹார்மோன் அது. அந்தக் கீரைக்கு அது ஹார்மோன் அல்ல. தன்னைத் தின்னவரும் புழுவின் வளர்ச்சியைக் குழப்பும் தற்காப்பாகவே அது கருதப்படுகிறது.

கடையில் கிடைக்கும் "டானிக்"

இனி, தெளிப்பதைப் பற்றி. நம் ஊர்களில் பூச்சிமருந்துக் கடைகளில் வளர்ச்சிக்கென்று விற்கப்படும் எல்லாவற்றுக்கும் டானிக் என்று ஒரே பெயர். அதில் ஒன்று ஹோமோபிராசினோலைடு 0.04 சதவீதம். இது பிராசினோலைடின் நெருங்கிய உறவான உண்மையான ஸ்டீராய்டு. செறிவு இவ்வளவு குறைவாக இருப்பது கலப்படமல்ல, இந்த ஹார்மோன் வேலை செய்ய மிகச் சிறிய அளவே போதும். பூப்பிடிப்புக்கும் வெயில், வறட்சி, உப்பு போன்ற நெருக்கடிகளைத் தாங்கவும் இதைத் தெளிக்கிறார்கள்.

ஒரு விவரத்தைத் தெளிப்பவர் அறிந்திருக்க வேண்டும். இந்த ஹார்மோன் செடிக்குள் நெடுந்தூரம் பயணம் செய்வதில்லை. பட்டாணியில் ஹார்மோன் இல்லாத குட்டைச் செடியையும் இயல்பான செடியையும் ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். இயல்பான பாதியால் குட்டைப் பாதியை வளரவைக்க முடியவில்லை. ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே, அருகிலேயே தயாரித்துக்கொள்கிறது. எனவே தெளித்த துளி எங்கே விழுந்தது, பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்பவை விளைவைப் பெரிதும் மாற்றும். அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

அதே அலமாரியில் பக்கத்துப் புட்டியில் இருப்பது ஜிப்ரெல்லிக் அமிலமாக இருக்கலாம். விதையில்லாத் திராட்சையை நீட்டிப் பருக்க வைப்பது அது, அது ஸ்டீராய்டு அல்ல. இன்னொன்று கடற்பாசிச் சாறாக இருக்கலாம், மற்றொன்று நுண்ணூட்டக் கலவையாக இருக்கலாம். கடைக்காரர் எல்லாவற்றையும் டானிக் என்றே எடுத்துத் தருவார். வாங்குபவரும் உண்பவரும் எல்லாவற்றையும் ஸ்டீராய்டு என்றே பேசிக்கொள்வார்கள். எது எது என்ற விடை புட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்த வணிகப் பெயரில் இருக்காது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், சதவீதத்தோடு எழுதியிருக்கும் வேதிப்பெயரில் இருக்கும்.